வெள்ளைக்கோட்டுக்கு வெளியே யாருடைய ஆட்சி?

யானை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். குதிரைக்கு 15. கைவண்டிக்கு 10. சைக்கிளுக்கு 4 ரூபாய். அதையே வியாபாரத்துக்கு ஓட்டினால் 18. வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பிலிருந்து உருவிய பட்டியல் என்று நினைக்கவேண்டாம். வாகனங்கள், விலங்குகள் மீதான வரி என்ற தலைப்பில் இலங்கையின் பிரதேச சபைகள் இந்த நூற்றாண்டிலும் வர்த்தமானியில் பிரசுரித்த விபரம் இது. யாழ்ப்பாணத்தில் யானை வரி கட்டிய எவரையும் எனக்குத் தெரியாது. சைக்கிள் வரி கட்டியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சபை அலுவலகத்தில் வரிசையில் நின்று காசைக் கட்டி, தகரத் தகட்டை வாங்கி, கவனமாகச் சைக்கிளில் பூட்டிய தலைமுறை அது. தகடு இல்லையென்றால் மறித்தார்கள். லைற் இல்லையென்றால் மறித்தார்கள். ‘டபிள்’ போனால் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, சில்லுக் காற்றைத் திறந்துவிட்டுப் போன பொலிஸ்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

இவ்வளவு அக்கறையாகச் சைக்கிள்காரனைக் கணக்கெடுத்த அரசாங்கத்துக்கு, அவன் உழக்கிப்போக வீதியில் ஒரு முழ இடத்தை அவனுக்கென்று எழுதிவைக்க மட்டும் தோன்றவில்லை.

பாடசாலை நாளொன்றில் காலை ஏழு மணிக்கு அரியாலையில் கண்டி வீதியோரம் நின்றுபாருங்கள். ஏ9 என்று நாடு அறிந்த வீதி. காப்பெற் போட்ட கறுப்புத் தளம், ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு. கோட்டுக்கு உள்ளே கொழும்பிலிருந்து விடிய வந்துசேரும் சொகுசு பஸ்கள், மணல் டிப்பர்கள், பிள்ளைகளை அடைத்து ஏற்றிய ஹயஸ் வான்கள், அவற்றை முந்தும் மோட்டார் சைக்கிள்கள். கோட்டுக்கு வெளியே மற்ற யாழ்ப்பாணம். வெள்ளைச் சீருடையோடு, கூடையில் புத்தகப்பையும் கரியரில் தம்பியுமாக ஒரு பிள்ளை. ஹான்டிலில் மட்டப்பலகையைக் கட்டிய மேசன். பெட்டி நிறைய மீனோடு, ஹோர்ன் அடித்தபடி ஒருவர். ஓய்வூதியம் எடுக்கப் புறப்பட்ட முதியவர். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓடும் ஆசிரியை.

கோட்டுக்கு வெளியே உள்ள அந்த ஓரம் எவ்வளவு அகலம் என்று கேட்டால், இடத்துக்கு இடம் விடை மாறும். சில இடத்தில் தார். சில இடத்தில் கிரவல். சில இடத்தில் வாய்க்கால் மூடி, அதுவும் ஒரு மூலை உடைந்தது. காப்பெற் தளத்துக்கும் கிரவலுக்கும் இடையே நாலு விரல் உயரம் விழுந்திருக்கும் இடங்களும் உண்டு. மேலேயிருந்து கீழே இறங்குவது சுகம். கீழேயிருந்து மேலே ஏற முன்சில்லைத் திருப்பினால் அந்த விளிம்பு சில்லைப் பிடித்துக்கொள்ளும். விழுகிறவன் வேலிப்பக்கம் விழுவதில்லை, வீதிப்பக்கமே விழுகிறான். அதற்கு மேல் மதில் கட்டப் பறித்த மணற்கும்பி, மருந்துக்கடை வாசலில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள், சாமான் இறக்க ஒதுங்கிய பட்டா லொறி. அந்தப் பிள்ளை தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் தம்பியோடு சேர்ந்து சைக்கிள் சரியும் என்று அவளுக்குத் தெரியும். காதால் பார்த்து, கோட்டைக் கடந்து, வீதிக்குள் இறங்கி, பட்டாவை விலத்தி, மறுபடி ஓரத்துக்கு வருகிறாள். இதை அவள் பாடசாலை போய்ச் சேருவதற்குள் எத்தனையோ தடவை செய்கிறாள். செம்மணிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மே மாதம் தொடக்கம் இன்னொரு தொல்லை. வெட்டவெளியில் சோளகம் அடிக்கத் தொடங்கினால் சைக்கிள் நேர்கோட்டில் நிற்காது. நின்றவனையே தள்ளும் காற்று, பக்கத்தால் ஒரு லொறி போகும்போது முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஊரில் ஒரே பேச்சு: சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் யாரிடம் கேட்பது?

தளமும் ஓரமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. 1981இன் சட்டத்தால் உருவான மத்திய அரசின் நிறுவனம். ஏ, பி தர வீதிகள் அதனிடம். அடுத்த தரங்கள் மாகாணத்திடம். ஊர் ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபையிடம். ஆகவே அரியாலைப் பிள்ளை ஒருத்தி வீட்டுப் படலையிலிருந்து பாடசாலைப் படலைவரை போவதற்குள் இரண்டு மூன்று அரசாங்கங்களைக் கடந்துவிடுகிறாள். அவளை மறிக்கும் பொலிஸ்காரர் இன்னொரு அமைச்சின் கீழ் வருகிறார். மருந்துக்கடைக்கு வியாபார அனுமதி கொடுத்தது உள்ளூராட்சி சபை. அந்தக் கடை வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் நிற்பது அதிகார சபையின் ஓரத்தில். அதை எடுக்கச்சொல்லும் அதிகாரம் பொலிஸிடம். மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் மூவருமே உண்மைதான் சொல்கிறார்கள். அதுதான் இங்குள்ள கோளாறு.

சைக்கிள் பாதையின் அதிகாரம் யாரிடம் என்று நடந்த ஒரு சண்டையைப் பார்க்க, புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களில் பலர் குடியிருக்கும் ரொறன்ரோவுக்கு ஒருமுறை போய்வரவேண்டியிருக்கிறது. 2024 ஒக்ரோபரில் ஒன்ராறியோ மாகாண அரசு 212ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மோட்டார் வாகனங்கள் ஓடும் இடத்தை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுப்பதானால் மாநகர சபை இனி மாகாணத்திடம் அனுமதி வாங்கவேண்டும் என்றது. அத்தோடு விடவில்லை. புளூர், யங், யூனிவர்சிற்றி ஆகிய மூன்று பெரிய வீதிகளில் மாநகர சபை ஏற்கெனவே போட்டிருந்த பாதைகளைத் தானே அகற்றும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அது சட்டமாயிற்று. வீதி நெரிசல்தான் காரணம் என்றார் முதல்வர் டக் போர்ட். அகற்ற மட்டும் 48 மில்லியன் கனேடிய டொலர் செலவாகும் என்று மாநகர சபை கணக்குக் காட்டியது.

சைக்கிள்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலை 30ஆம் திகதி நீதிபதி போல் ஷாபஸ் தீர்ப்பளித்தார். உயிருக்கும் உடற்பாதுகாப்புக்கும் அரசியலமைப்பு தரும் உரிமையை இந்த அகற்றல் மீறுகிறது என்பது தீர்ப்பு. சைக்கிள் பாதை கேட்க எவருக்கும் அரசியலமைப்பு உரிமை உண்டு என்று அவர் சொல்லவில்லை. அதை நன்றாகவே பிரித்துக் காட்டினார். பாதை போடாமல் விடுவது அரசின் விருப்பம். போட்ட பாதையை எடுத்தால் ஆட்கள் காயப்படுவார்கள், சாவார்கள் என்று அரசுக்குக் கிடைத்த ஆலோசனைகளே சொல்லியிருக்கும்போது, எடுப்பதால் நெரிசல் குறையும் என்பதற்கும் சான்று இல்லாதபோது, எடுத்தே தீருவேன் என்பது தான்தோன்றித்தனம். இதுதான் அதன் சாரம். அரசு மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது.

இந்த வழக்கில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு பிரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதைகளை அகற்றியதால் ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ அதற்காக அரசுமீது வழக்குப் போட முடியாதபடி அந்தச் சட்டத்திலேயே ஒரு திருத்தத்தைச் செருகிவிட்டார்கள். அதிகாரம் எனக்கு, விளைவு உனக்கு. சட்டமூலத்தின் நோக்கம் என்னவென்று அறிய மற்ற எந்தப் பிரிவையும் படிக்கத் தேவையில்லை. ஒருவருக்கும் ஆபத்து வராது என்று உண்மையிலேயே நம்பியவர்கள் அந்தத் திருத்தத்தை எழுதியிருக்கமாட்டார்கள்.

புளூர் வீதியில் 2024 ஜூலையில் நடந்த ஒரு மரணத்தையும் சொல்லவேண்டும். பாதை இருந்தது. அந்தப் பாதையை மறித்துக் கட்டுமானக் குப்பைத்தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதை விலத்த வீதிக்குள் இறங்கிய இளம் பெண்ணைப் பாரவாகனம் மோதிக் கொன்றது. அரியாலையில் மணற்கும்பியை விலத்தும் பிள்ளைக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் பாதை இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசமில்லை. கோடு கீறுவது ஒரு நாள் வேலை. அதற்குள் எதையும் வைக்கவிடாமல் காப்பது 365 நாள் வேலை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஓகஸ்ட் மாதம் நினைவுக்கு வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் எங்கள் கனடா உறவுகள் வாடகை ஹயஸில் முன்சீற்றில் இருந்துகொண்டு, “இந்தச் சைக்கிள்காரருக்கு றோட்டில என்ன வேலை, இவைக்கெண்டு ஒரு லேன் போட்டால் என்ன” என்று அலுத்துக்கொள்வார்கள். அங்கே போய், லேன் போட்டு எங்கள் றோட்டைப் பறித்துவிட்டார்கள் என்று போர்ட்டுக்கு வாக்குப் போட்டவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தவுடன் எல்லாருக்கும் அப்படித்தான்; இங்கே மோட்டார் சைக்கிள் வாங்கிய மறுநாளே எங்கள் பொடியளுக்கும் அப்படித்தான்.

ரொறன்ரோ கதையைக் கேட்டுவிட்டு, மேலிடத்து அரசு கெட்டது, மாநகர சபை நல்லது என்று முடிவுகட்டுவது சுலபம். அது சரிவராது. எங்கள் சனம் நெருங்கி வாழும் ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட், பார்மசி வீதிகளில் இருந்த சைக்கிள் பாதைகளை அகற்ற 2011இல் வாக்களித்தது அதே ரொறன்ரோ மாநகர சபைதான். அப்போது மேயர், டக் போர்ட்டின் தம்பி றொப் போர்ட். ஊர்ச் சபை என்பதாலேயே அது சைக்கிள்காரன் பக்கம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. கொல்கத்தாவில் 2013இல் 174 வீதிகளில் சைக்கிளையே தடைசெய்தது நகரப் பொலிஸ். பால்காரர், பத்திரிகைக்காரர், கூலியாட்கள் எல்லாரும் ஒரே அறிவித்தலில் குற்றவாளிகளானார்கள். நெரிசல்தான் அங்கேயும் சொல்லப்பட்ட காரணம்.

தனிப்பாதைக்குள்ளேயே ஒரு பொறி இருப்பதைச் சைக்கிள்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 1934 டிசம்பரில் லண்டன் வெஸ்ரேர்ன் அவெனியூவில் பிரித்தானியாவின் முதலாவது சைக்கிள் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா திறந்துவைத்தபோது அதை எதிர்த்தவர்கள் சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தினர். இன்று உனக்கு இந்த ஓரம் என்பார்கள், நாளை நடுவில் வராதே என்பார்கள் என்பது அவர்கள் பயம். பயம் வீணில்லை. அதே 1934இல் ஜேர்மனியில் நாட்ஸிகளின் வீதிச் சட்டம், பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரன் அதற்குள்தான் ஓடவேண்டும் என்று கட்டாயமாக்கியது. மோட்டார் வாகனங்களுக்கு வழிவிடுவதற்காக வந்த கட்டாயம் அது. அதைத் தளர்த்த 1998 ஆயிற்று. விசேட ஆபத்து உள்ள இடத்தில் மட்டுமே கட்டாயப்படுத்தலாம் என்று அந்நாட்டின் சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது 2010இல்.

இங்கே எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஏ9 ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை பூசுவார்கள். திறப்புவிழாவில் அரசியல்வாதி ஒருவர் இரவல் சைக்கிளில் நூறு யார் ஓடுவார். மூன்றாம் மாதம் அந்தப் பட்டையில் ஓட்டோக்கள் தரித்து நிற்கும். நான்காம் மாதம், ஓட்டோவை விலத்தக் கோட்டைத் தாண்டிய மேசனை மறித்து, “உனக்குத்தானே பாதை போட்டிருக்கு, ஏன் வெளியில வந்தாய்” என்று தண்டப்பணச் சீட்டு எழுதுவார்கள். விபத்து நடந்தால் பிழை அவன் தலையில் விழும்.

யாழ்ப்பாணத்தானுக்கு இந்தப் பயம் மற்றவர்களைவிடக் கூட இருக்கும். காரணம், எங்கள் சைக்கிளில் எத்தனையோ ஆட்சிகள் கைவைத்திருக்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வரவிடாமல் மறித்தபோது சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி உழக்கி, டைனமோவில் வானொலி கேட்டது இந்த ஊர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தது அரியாலையைத் தாண்டிச் செம்மணி, நாவற்குழியால் போகும் இதே வீதியில்தான். அன்று சைக்கிளில் ஏறி ஓட இடமிருக்கவில்லை. கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹான்டிலில் அரிசிப்பையைக் கொளுவி, உருட்டிக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு காவலரணுக்கும் முன்னால் இறங்கி, உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் ஏறவேண்டியிருந்தது. 2002 ஏப்ரலில் இந்த வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. போர் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. எங்கே இறங்கவேண்டும், எங்கே உருட்டவேண்டும், எப்போது போகக்கூடாது என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருந்தார். எங்கே நிம்மதியாக ஓடலாம் என்று சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, வீட்டுக் கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்களுக்கு உயிர் வந்தது. புதுச் சைக்கிளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அரச உத்தியோகத்தரும் வங்கிக்காரரும் வைத்தியரும் உழக்கினார்கள். அந்தச் சில மாதங்களில் வீதியின் நடுவிலேயே சைக்கிள் ஓடியது. ஜூலையில் எரிபொருள் அனுமதி அட்டை வந்து, பிறகு பெற்றோலும் சீரானதும் எல்லாரும் பழையபடி ஸ்கூட்டிக்கு மாறினார்கள். ஓரத்தில் எஞ்சியவர்கள், ஸ்கூட்டி வாங்க இயலாதவர்களும், அதை ஓட்ட வயது வராதவர்களும், வயது போனவர்களும். அவர்களுக்குச் சங்கம் இல்லை. ஓட்டோக்காரருக்கு இருக்கிறது, பஸ்காரருக்கு இருக்கிறது, டிப்பர்காரருக்கும் இருக்கிறது.

அப்படியானால் அதிகாரத்தை மாநகர சபையிடம் கொடுத்துவிடலாமா? சபை என்று ஒன்று இருக்கவேண்டுமே. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6வரை தேர்தல் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆணையாளரும் செயலாளரும் நடத்தினார்கள். வடமாகாண சபை 2018 ஒக்ரோபரில் காலாவதியானது. ஏழு ஆண்டு கடந்தும் தேர்தல் இல்லை. மாகாண வீதிகளுக்குப் பொறுப்பான தெரிவுசெய்யப்பட்ட ஆள் ஒருவர்கூட இன்று கிடையாது. இருந்த சபை தன் வீதியில் ஒழுங்கு செய்ய வெளிக்கிட்டபோது நடந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். குப்பை போடுகிறவர்களையும் எச்சில் துப்புகிறவர்களையும் பிடித்துத் தண்டம் அறவிட யாழ். மாநகர சபை ஐந்து பேர் கொண்ட காவல் அணி ஒன்றை அமைத்தது. நீலச் சீருடை. அது புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி, 2021 ஏப்ரலில் அப்போதைய மாநகர முதல்வர் மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைதுசெய்தது. குப்பைக்கே அந்தப் பாடு. சைக்கிள் ஓரத்தில் நிற்கும் வாகனத்துக்குத் தண்டம் எழுத எந்தச் சபை உத்தியோகத்தர் துணிவார்?

ஆனாலும் சபையால் முடியாது என்று சொல்லமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகளை மறித்து, வாகனங்களை வேறு வழியால் திருப்பி, சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நிறுத்தத் தரிப்பிடம் ஒதுக்கிக் கொடுப்பது இதே மாநகர சபைதான். பெரிய பதவியில் உள்ளவரின் வாகனமானாலும் தடைக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. மீறினால் மறுநாள் பத்திரிகையில் வரும். மணல் பரப்பி, காலுக்குச் சுகமாக்கி, பொலிஸையும் சேர்த்துக்கொண்டு, லட்சம் பேரைச் சமாளிக்கிறார்கள். 25 நாளுக்குச் செய்யக்கூடியதைப் பாடசாலை நாட்களில் காலை ஒரு மணித்தியாலத்துக்கும் மதியம் ஒரு மணித்தியாலத்துக்கும் செய்யமுடியாது என்று என்னிடம் சொன்னால் நான் நம்பப்போவதில்லை.

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஏ9 அரியாலைக்காரரின் சொத்து இல்லை. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் வீதிகளில் முதன்மையானது. கிளிநொச்சியிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு நோயாளியோடு வரும் அம்புலன்ஸ் இதால்தான் வருகிறது. ஒரு ஊர்ச் சபை நினைத்தபாட்டுக்கு அதை ஒடுக்கக்கூடாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, ஓடுதளத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் அதே பேனாவால் பிள்ளையின் ஓரத்தையும் கொழும்பிலிருந்து தீர்மானிக்கவேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். தேசிய நெடுஞ்சாலை ஊர்மனைக்குள்ளால் போகும் இடங்களில் இருபக்கமும் குறைந்தது ஒன்றரை மீற்றர் ஓரம், தளத்தோடு ஒரே மட்டத்தில், தார் போட்டு இருக்கவேண்டும் என்பதைச் சட்டபூர்வ நியமமாக மத்திய அரசு வைக்கட்டும். கரியரில் விறகு கட்டி வருகிறவனுக்கு அதற்குக் குறைந்தால் போதாது. அதைக் குறைப்பதானால் உள்ளூராட்சி சபையின் சம்மதம் கட்டாயம் என்று எழுதட்டும். ஒன்ராறியோவின் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால் வருவது இது: பாதையைக் கூட்ட மேலிடத்து அனுமதி வேண்டாம், குறைக்கத்தான் ஊரின் அனுமதி வேண்டும். ஓரத்தில் வாகனம் நிற்பதை மறிக்கும் அதிகாரமும் தண்டம் அறவிடும் அதிகாரமும் சபைக்கு வரட்டும். அதிகாரம் எடுத்தவர் எவரோ, அந்த ஓரத்தில் ஒருவர் விழுந்தால் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் முன்னையவை எல்லாம் வந்தால் எனக்கு அவை வேண்டாம்.

சைக்கிள்காரன் ஓரத்துக்குள்தான் ஓடவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கூடாது. ஓரம் சரியாக இருந்தால் எந்தப் பிள்ளையும் லொறிக்கு முன்னால் போய் ஓடப் பிரியப்படாது. வெளியே வருகிறாள் என்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஊர்மனைக்குள் வாகனத்துக்கு 50 கிலோமீற்றர் என்பது ஏற்கெனவே உள்ள எல்லை. அரியாலையில் விடியக்காலை அதை மதிக்கும் பஸ்ஸைக் காண்பது அபூர்வம். நடப்போரும் சைக்கிளில் போவோரும் வாகனங்களோடு கலக்கும் இடத்தில் 30 போதும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு சொன்னது. பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் கச்சேரியடியிலிருந்து செம்மணிவரை அந்த 30ஐ அமல்படுத்த வேண்டியது பொலிஸின் வேலை. அதற்குப் புதுத் தார் தேவையில்லை, வேகமானி ஒன்றும் இரண்டு பேரும் போதும். சைக்கிள்களுக்கு ஒளிரும் ஸ்ரிக்கர் ஒட்டிப் படம் எடுக்கும் நிகழ்வுகளைவிட அது பயன்படும்.

மாநகர சபை நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏ9இற்குச் சமாந்தரமாகவும் குறுக்காகவும் உள்ளே ஓடும் ஒழுங்கைகள். அவற்றில் ஒன்று மதகு உடைந்து நிற்கும், இன்னொன்று மாரியில் குளமாகும், மற்றொன்றில் விளக்கு எரியாது, நாலாவதில் நாய்கள் குடியிருக்கும். தண்டவாளம் வேறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. புங்கன்குளப் பக்கம் கடவையைக் கடந்துதான் பலர் வெளியே வரவேண்டும். இந்த ஒழுங்கைகளை ஒன்றோடொன்று தொடுத்து, மதகைக் கட்டி, வெள்ளம் வடியச்செய்து, விளக்குப் போட்டு, கடவையில் காவலையும் புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டு வாங்கினால், அரியாலைப் பிள்ளைகளில் கணிசமானோர் ஏ9இல் ஏறாமலே சுண்டுக்குளிப் பக்கம் போய்ச் சேரலாம். வரைபடம் ஒன்றும், கிராம சேவையாளரோடும் சனசமூக நிலையங்களோடும் இரண்டு கூட்டமும் போட்டால் எந்த ஒழுங்கை எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். காணி எடுக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

நெதர்லாந்து இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு. 1971இல் அங்கே வீதி விபத்துகளில் 3000இற்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400இற்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பிள்ளைக் கொலையை நிறுத்து என்று தாய்மாரும் தந்தைமாரும் வீதியை மறித்துக் குந்திய பிறகுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. இலங்கையில் இன்றும் ஆண்டுக்கு 2000இற்கு மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள்.

ஓரம், ஒழுங்கைகள் பற்றிய இந்த விடயத்தை மாநகர சபை அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவர ஓர் உறுப்பினர் போதும். அரியாலை வட்டாரங்களில் வாக்குக் கேட்டு வென்றவர்கள் சபையில் இருக்கிறார்கள். 2025 மே மாதத்துக்கு முன் அவர்கள் உங்கள் வீட்டுப் படலைக்கு வந்தவர்கள்தான். இனி நீங்கள் அவர்களுடைய படலைக்குப் போங்கள். உள்ளொழுங்கைகள் எப்போது திருத்தப்படும் என்று கேளுங்கள். ஏ9 ஓரம் பற்றி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சபை எழுதிய கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள். கடிதம் எழுதப்படவில்லை என்றால், அதை எழுதுவித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.